வெல்டர் அண்ணியின் தலையாட்டல்

என் அண்ணி ஒரு வெல்டர். இப்படிச் சொன்னதும் பாதிப்பேர், "அண்ணியா, அண்ணனா?" என்று என்னைத் திருத்தப் பார்ப்பார்கள். அண்ணன் ஜெராக்ஸ் கடைக்காரன். விரலில் ஸ்டேப்ளர் பின் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற ஆசாமி. பத்தொன்பது வருஷமாக நெருப்போடு மல்லுக்கட்டுவது அண்ணிதான். வயதில் என்னைவிட மூன்றே வருஷம் மூத்தவள். நேரில் 'நீங்க', கோபம் வந்தால் 'நீ', இப்படி எழுதும்போது 'அவள்'. நாத்தனாருக்கு இந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

பால் கம்பெனிகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் டாங்க் செய்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. அங்கே யாரைக் கேட்டாலும், "அக்கா போட்ட வெல்டா? கண்ணை மூடிட்டு அனுப்பலாம்" என்பார்கள். ஒரு கையில் நெருப்பைக் கக்குகிற டார்ச், மறு கையில் உருகிச் சேருகிற கம்பி. இரண்டு தகடுகள் சேருகிற இடத்தில் மீன் செதில் அடுக்கின மாதிரி ஒரே சீராகப் போட்டுக்கொண்டே போவாள். ஆனால் வீட்டில் ஒரு பட்டன் தைக்கச் சொல்லுங்கள், கோணலாகத்தான் வரும். கேட்டால் துணி சரியில்லை என்பாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பொறுமை வேண்டிய தொழில். எனக்கு அது கிடையாது. அதனால்தான் பாஸ் ஆகிறவர்கள் சீக்கிரம் பாஸ் ஆகிறார்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. எனக்கு நாலு நாள். அண்ணனுக்கு ஆறு நாள். அவன் அதை இருபது நாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அண்ணிக்கும் ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. வலிதான் போகவில்லை. இடது புருவத்துக்கு மேலே தொடங்கி, நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு, காதுக்கு முன்னால் தாடை மூட்டு என்று முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மின்விசிறிக் காற்று பட்டால் வலி. தண்ணீர் பட்டால் வலி. வலது பக்கமாகவே மென்று, வலது பக்கமாகவே படுத்து, கடைசியில் வலது பக்கம் மட்டும் இருந்தால் போதும் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு இரண்டும் வந்ததே, இருந்தும் தெரியவில்லை. "எழுந்து நாலு தெரு நடந்துட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு மாசம் அவளை நச்சரித்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வலியைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். மாஸ்க்கைத்தான் தாங்க முடியவில்லை. வெல்டிங் மாஸ்க் தலையில் நிற்பதற்கு நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை உண்டு. அந்தப் பட்டை அழுத்துகிற இடமும் அவளுக்கு வலிக்கிற இடமும் ஒன்றே. கையில் பிடித்துக்கொள்கிற தடுப்பும் இருக்கிறது, ஆனால் அவள் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். "மூணாவது கை முளைச்சா சொல்லி அனுப்புறேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு லீவில் வந்தாள். லீவு நாலு மாசத்தைத் தாண்டியது.

இங்கேதான் சிக்கல். அவள் கையில் இருப்பது டாங்க் வெல்டருக்கான தகுதிச் சான்றிதழ். தொடர்ந்து ஆறு மாசம் டார்ச்சைத் தொடவில்லை என்றால் அது தானாகவே செத்துப்போகும். அது அவள் பட்டறையின் விதி. அப்புறம் புதிதாக வருகிறவர்களோடு வரிசையில் நின்று, பழகுநர் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். சூப்பர்வைசர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால், ஸ்டோர் ரூமில் அவளுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார். போல்ட் எத்தனை, நட் எத்தனை என்று கேட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை.

"அந்த நாற்காலியில உக்காந்தேன்னா எழுந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நரம்பு டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார். மோசமாக ஒன்றும் இல்லை, வைரஸ் போகிற போக்கில் நரம்பைச் சீண்டிவிட்டுப் போயிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார், வலி கால்வாசி குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்போதுதான் லேசர் ஒளி சிகிச்சை என்றார். "சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாம இதையும் பன்னிரண்டு தடவை பாத்துடலாம்" என்றார். சத்தியம் பண்ணாததாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வெளியே வந்ததும் அண்ணி வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். "லேசரா? எங்க பட்டறையில லேசர் பத்து மில்லிமீட்டர் தகட்டை வெண்ணெய் மாதிரி அறுக்குது. அதை என் மூஞ்சில வைக்கச் சொல்றாரா?"

"உங்க மூஞ்சி பத்து மில்லிமீட்டருக்கு மேல தடிமன்தான். வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பிசியோதெரபி அறை மாடியில். உயரமான முதுகுள்ள ஒரு நாற்காலி, பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு மெஷின், மெஷினிலிருந்து வளைந்து நீள்கிற ஒரு கை, அந்தக் கையின் முனையில் டார்ச் லைட் மாதிரி ஒன்று. ஒளியைக் கொடுக்கிறவள் முப்பது வயதுப் பெண். எப்போதும் பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு மேசை முழுக்கத் தேடுவாள். அண்ணி அவளுக்கு அன்றைக்கே 'லேசர் பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. அடுப்பும் நெருப்புதான், தீக்குச்சியும் நெருப்புதான். இது தீக்குச்சியை விடவும் கம்மி, சூடே தெரியாது" என்று அந்தப் பெண் பச்சைக் கண்ணாடி ஒன்றை நீட்டினாள். அண்ணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது எத்தனாம் நம்பர்? நான் பத்தாம் நம்பருக்குக் கீழ போட்டதே இல்ல." வெல்டிங் கண்ணாடியில் கறுப்பு கூடக்கூட நம்பரும் கூடும். சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய கறுப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சொந்தச் சரக்கு.

"அது உங்க நெருப்புக்கு. இந்த ஒளிக்கு இந்தக் கண்ணாடிதான் காப்பாத்தும்" என்று லேசர் பொண்ணு பொறுமையாக விளக்கினாள். தொழில் தெரிந்தவள் சொன்னால் அண்ணி கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டாள். பச்சைக் கண்ணாடி கூட இல்லாத என்னை மட்டும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் போனோம். வலிக்கிற நாலு இடங்களிலும் பேனாவால் புள்ளி வைத்து, ஒரு விரல் தூரத்தில் அந்த முனையை நிறுத்தி, இடத்துக்கு இரண்டு நிமிஷம். வெளியே வரும்போதெல்லாம் அண்ணி உதட்டைப் பிதுக்குவாள். "பொறி இல்ல, சத்தம் இல்ல, வாசனை இல்ல. இதெல்லாம் ஒரு வேலையா?" ஆறு தடவை முடிந்தது. ஒரு இம்மிகூட மாற்றம் இல்லை. காதும் தலைமுடியும் மட்டும் நன்றாக இருக்கிறது என்றாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சூப்பர்வைசருக்கு போன் போட்டதை அண்ணன் என்னிடம் வந்து சொன்னான். "ஸ்டோர் வேலைக்கு வரேன்னு சொல்லிட்டா. அடுத்த மாசம் முதல் தேதி." அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம்! அண்ணியிடம் போய்க் கத்தினேன். "பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. ஆறுலயே இறங்கிப் போனா என்ன அர்த்தம்? என் ஸ்டூடண்ட் யாரையாவது பாதி ரோட்டுல இறக்கி விட்டிருக்கேனா?" உண்மையில் இரண்டு பேரை இறக்கி விட்டிருக்கிறேன். அது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை.

ஏழாவது தடவை நானும் உள்ளே வந்தே தீருவேன் என்று வாசலில் நின்றுகொண்டேன். லேசர் பொண்ணு எங்கேயோ தேடி மூன்றாவது பச்சைக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். அந்தப் பெண் புள்ளி வைத்தாள், முனையைப் புள்ளிக்கு நேராக நிறுத்தினாள், ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தாள். எல்லாம் சுத்தம். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, "ரெடியா?" என்று பட்டனை அழுத்தினாள்.

அண்ணி தலையை ஒரு வெட்டு வெட்டினாள். மோவாய் கழுத்துக்குள் இறங்கியது. அப்படியே இரண்டு நிமிஷம், ஆடாமல் அசையாமல், குனிந்தபடி. நெற்றிப்பொட்டுக்கு வைத்த ஒளி தலைமுடிக்குப் போய்க்கொண்டிருந்தது. லேசர் பொண்ணு மெஷினின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பீப்' என்றதும் அண்ணி தலையை நிமிர்த்தினாள். அந்தப் பெண் திரும்பியபோது முனை மறுபடி புள்ளிக்கு நேராகவே இருந்தது.

வெல்டருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் நெற்றிக்கு மேலே தூக்கி வைத்த மாஸ்க்கை முகத்தில் இறக்குவதற்குத் தலையைத்தான் ஒரு வெட்டு வெட்டுவார்கள். அது விழும், நெருப்பு பற்றும். வேலை முடிந்ததும் தலையை நிமிர்த்துவார்கள். பத்தொன்பது வருஷமாக, ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல். எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் என் கால். பஸ்ஸில் போனாலும், யாராவது குறுக்கே வந்தால் என் வலது கால் தரையை மிதிக்கும். அங்கே பிரேக் இல்லை என்பது காலுக்குத் தெரியாது.

"நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் லேசர் பொண்ணின் கொண்டைப் பேனா கீழே விழுந்தது. "ஆறு தடவையா காதுக்கும் மயிருக்கும் வைத்தியம் பாத்திருக்கீங்க ரெண்டு பேரும்!"

"நானா? நான் எங்க தலையை ஆட்டினேன்? சிலை மாதிரி இருக்கேன்" என்றாள் அண்ணி.

"ரெடியா?" என்றேன்.

வெட்டினாள்.

"இது நீ சொன்னதால. இப்ப சொல்லு பாப்போம்."

"ரெடியா?"

மறுபடியும் வெட்டினாள். மூன்றாவது தடவை இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'ரெடி' சொல்லாமல் பட்டனை மட்டும் அழுத்தச் சொன்னேன். 'கிளிக்' என்றதற்கும் வெட்டினாள். லேசர் பொண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் திரும்பிப் பாத்திருக்கணும். என் தப்பு" என்று நேராக ஒத்துக்கொண்டாள். பாவம், அவள் கண் கலங்கிவிட்டது. அண்ணிக்கோ சிரிப்பு. ஐந்து மாசமாக என்னவோ தீராத வியாதி என்று பயந்தவளுக்கு, ஆறு தடவையும் வைத்தியமே நடக்கவில்லை என்பது நல்ல செய்தியாகப் பட்டது.

"அழாதம்மா. வேலை செய்யற பொருள் ஆடினா வெல்டு நிக்காது. முதல்ல பிடிப்பு போடணும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்தத் தடவை நான்தான் தகடுங்கறதை மறந்துட்டேன்."

அன்றைக்கே என்னைப் பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னாள். ஸ்டோரிலிருந்து இரண்டு பட்டைக் கம்பி, ஆறு போல்ட், ஒரு கிளாம்ப். வெல்ட் பண்ண முடியாதே, அதனால் எல்லாம் துளை போட்டு முடுக்கியது. மோவாய்க்கு ஸ்பாஞ்சு வைத்த ஒரு தாங்கி, நெற்றியின் வலது பக்கத்துக்கு மட்டும் ஒரு தடுப்பு. நாற்காலியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வந்து அதை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "எங்களுக்கு இன்னொண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார். அண்ணி அவரிடம், வெல்ட் போட்டுச் செய்தால்தான் நன்றாக இருக்கும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றாள்.

மறுநாளே குணமாகிவிடவில்லை. எட்டாவதுக்கு அப்புறம் மின்விசிறியைப் போட விட்டாள். ஒன்பதாவதுக்கு அப்புறம் இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். பத்தாவது முடிந்ததும், கழற்றிக்கொண்டு வந்த மாஸ்க் பட்டையை மட்டும் தலையில் மாட்டிக்கொண்டு டிவி பார்த்தாள், மகாராணி மாதிரி. முதல் நாள் இரண்டு நிமிஷம். அப்புறம் ஐந்து. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் கழற்றும்போது அவன்தான் பெருமூச்சு விடுவான். பன்னிரண்டு முடிந்தபோது இருபது நிமிஷம். டாக்டர் மறுபடி சத்தியம் பண்ண மறுத்தார். ஒளியா, மாத்திரையா, நாள் ஆனதா, எதனால் என்று சொல்ல முடியாது என்றார். "மூணு பேர் சேந்து தூக்கினா, யார் தூக்கினதுன்னு எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அண்ணி.

ஆறு மாசம் முடிய மூன்று நாள் பாக்கி இருந்தது. ஸ்டோர் வேலைக்கு வரமாட்டேன், கை மறக்கவில்லை என்று காட்டச் சோதனைத் தகடு ஒன்றை வெல்ட் போடுகிறேன் என்று சூப்பர்வைசருக்குச் சொன்னாள். நான் வகுப்பை ரத்து செய்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், கூலிங் கிளாஸ் மாதிரி உள்ளே தெரிகிற கறுப்புத் திரைக்கு வெளியே என்னை நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அட்டையில் பேப்பரை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நின்றார்.

அண்ணி தகடுகளைத் துடைத்தாள், கிளாம்ப் போட்டாள். தலை வெட்டியது, மாஸ்க் இறங்கியது, திரையில் நீல வெளிச்சம் பாய்ந்தது. ஒரு வரிசை. நிமிர்ந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டாவது வரிசை. மறுபடி நின்றாள், இடது கையால் நெற்றிப்பொட்டை மெதுவாகத் தடவினாள். 'போதும், விட்டுடுங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் விரட்டிக்கொண்டு வந்தவளே நான்தான். மூன்றாவது வரிசையையும் போட்டாள்.

தகட்டை ஆறவைத்து, துண்டாக வெட்டி, அழுத்துகிற மெஷினில் வைத்து வளைத்தார்கள். வெல்டில் குறை இருந்தால் அந்த வளைவில் வாயைப் பிளந்துவிடும். இன்ஸ்பெக்டர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகத்தால் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நான் குதிக்கப் போன நேரத்தில் சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். "கையெழுத்து ஆயிடுச்சு, சந்தோஷம். ஆனா ஒண்ணு நேராச் சொல்லும்மா. வலி இருக்கா? மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்?"

நான் திரைக்கு வெளியிலிருந்து, 'நாள் பூரா, நாள் பூரான்னு சொல்லுங்க' என்று வாயசைத்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"வலி இருக்கு சார். இருபது நிமிஷம் போடுவேன். பத்து நிமிஷம் கழட்டி வைக்கணும். அதுக்கு மேல இன்னிக்கு என்னால முடியாது."

போச்சு, நாற்காலிதான் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தூரத்தில் டீ கேனைச் சுற்றி ஐந்து வெல்டர்கள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருபது வேலை, பத்து ரெஸ்டா?" என்றார். "இவங்க பத்து வேலை, இருபது டீ. நீ வந்தா பட்டறை முன்னேறிடும். ஏழாம் நம்பர் டாங்க் மூடி காத்துக்கிட்டிருக்கு."

அண்ணி சிரித்தாள். ஐந்து மாசமாகப் பாதி வாயில் சிரித்தவள், முகம் முழுக்கச் சிரித்தாள். "ஐயோ, வலிக்குது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

அவளை வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று நான் கார் சாவியை எடுத்தேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "நீ கிளம்பு. எனக்கு வேலை இருக்கு. சாயங்காலம் பஸ்ஸில வந்துடுவேன்" என்றாள். ஒரு நன்றி கிடையாது, ஒன்றும் கிடையாது. மூடியைச் சுற்றிவந்து அளவு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஐந்து மாசமாக ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை என்று அவளைக் கூட்டிக்கொண்டே அலைந்தவள் நான். அன்றைக்குத் தனியாகக் காரை எடுத்தபோது கண்ணை மறைக்கிற அளவுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டைத் திறக்க வந்த காவலாளி குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, அண்ணியோட சண்டையா?"

"இல்லைங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "வேலைக்குப் போயிட்டாங்க."